பச்சையா, சிவப்பா, நீலமா? மட்டக்களப்பிலிருந்து ஒரு கிராபிக்ஸ் கார்ட் கணக்கு

ஒரே கிழமையில் மூன்று பேர் கேட்டார்கள். களுவாஞ்சிக்குடியில் கல்யாண வீடியோ செய்யும் ஒரு தம்பி. வந்தாறுமூலை கம்பஸில் கடைசி வருட ப்ராஜெக்டோடு மல்லுக்கட்டும் ஒரு தங்கை. விளையாடக் கொம்பியூட்டர் வேண்டும் என்று மகன் நச்சரிப்பதால் நிம்மதி கெட்டுப்போன, கல்முனைத் தகப்பன் ஒருவர். மூவரும் கேட்டது ஒன்றுதான்: “எந்த வீஜிஏ நல்லம்?”

நம் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டுக்கு இன்னும் வீஜிஏ என்றுதான் பெயர். ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த திரைத் தரம் அது. இப்போது வரும் கார்டுகளில் அந்த நீல நிறச் சொக்கட்டே கிடையாது. பெயர் மட்டும் போகமாட்டேன் என்கிறது. சரி, கடையிலும் அப்படிக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து, அப்போது சொல்ல மறந்ததையும் போட்டு எழுதுகிறேன். பச்சை என்விடியா, சிவப்பு ஏஎம்டி, நீலம் இன்டெல். இந்த மூன்று நிறங்களையும் ஒன்றாகக் கேட்டதும் தேர்தல் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இங்கேயும் ஒரு கட்சிக்குத்தான் அறுதிப் பெரும்பான்மை.

## எதை வைத்து அளப்பது?

முதலாவது, வேலை. விளையாட்டு, வீடியோ எடிட்டிங், செயற்கை நுண்ணறிவுப் படிப்பு மூன்றும் கார்டின் மூன்று வேறு பாகங்களைக் கேட்கின்றன. ஒன்றில் கெட்டிக்காரனாக இருக்கும் கார்ட் இன்னொன்றில் முழிக்கும்.

இரண்டாவது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பெட்டி. பவர் சப்ளை எத்தனை வாட்ஸ், அதில் 8 பின் வயர் இருக்கிறதா, மதர்போர்ட் எந்தக் காலத்தது, கேசிங்குக்குள் எவ்வளவு நீளம் போகும். கார்ட் வாங்கி வந்தபிறகு இதைப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, முழுச் செலவு. விலைச் சீட்டில் உள்ளது அதில் பாதிக் கதைதான்.

நான்காவதும் ஐந்தாவதும் மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்குக் கொழும்புக்காரரை விட முக்கியமானவை. பழுதானால் யார் பார்ப்பார்கள்? இரண்டு வருடம் கழித்து விற்கப்போனால் யார் வாங்குவார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கார்டின் வேகத்தில் இல்லை, அந்தக் கொம்பனி சந்தையில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அதனால் அங்கே ஒரு நடை போய்வர வேண்டும்.

## 94க்கு 6

மேசைக் கணினியில் செருகும் தனிக் கார்டுகளில் யாருடையது எத்தனை என்று ஜோன் பெடி ரிசர்ச் நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடுகிறது. 2025 முதல் காலாண்டில் என்விடியாவுக்கு 92 வீதம், ஏஎம்டிக்கு 8. அடுத்த காலாண்டில் 94க்கு 6. இன்டெல் ஒரு வீதத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2000களின் நடுவில் என்விடியாவும் கனடாவின் ஏடிஐயும் கிட்டத்தட்டச் சரிக்குச் சமமாக மோதிக்கொண்டிருந்தன. அந்த ஏடிஐயைத்தான் 2006இல் ஏஎம்டி 5.4 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ரேடியான் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

இந்த 94ஐ அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. இது தொழிற்சாலையிலிருந்து சந்தைக்கு அனுப்பிய கார்டுகளின் கணக்கு, வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பவற்றின் கணக்கு அல்ல. ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸையும் சேர்த்து எண்ணினால் இன்டெல்தான் முதலிடம். உங்கள் அலுவலக மேசையில் இருக்கும் கொம்பியூட்டரும் அந்தக் கணக்கில் வரும்.

என்விடியா ஏன் இவ்வளவு தூரம் போனது? ஒரு காரணம் மென்பொருள், அதைக் கீழே சொல்கிறேன். இன்னொன்று காசு. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 130.5 பில்லியன் டொலர். விளையாட்டுக் கார்டுகளிலிருந்து வந்தது 11.35 பில்லியன், நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. மிச்சத்தில் பெரும்பங்கு செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் காசு. அதாவது நாம் நகையை அடகு வைத்து வாங்கும் கார்ட் அவர்களுக்குச் சில்லறை வியாபாரம். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060இலும் நினைவகம் 8 ஜிபிதான் என்றால், கூட்டிக் கொடுக்கும்படி அவர்களை நெருக்க எதிரில் ஆள் போதாது என்பதுதான் என் எண்ணம். ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 9000 வரிசையில் உச்சிக் கார்டோடு மோதவே வரவில்லை. நடுத்தர விலையோடு நின்றுகொண்டது.

கடையில் குழப்பும் இன்னொரு விடயம், பெட்டியில் உள்ள பெயர். அம்பாறைக்காரருக்கு நெல்லை வைத்துச் சொன்னால் இலகு. விதை என்விடியாவுடையது, அல்லது ஏஎம்டியுடையது. வயல் தைவானில் உள்ள டிஎஸ்எம்சியுடையது. இன்றைய என்விடியா ஜிஃபோர்ஸ், ஏஎம்டி ரேடியான், இன்டெல் ஆர்க் மூன்றுமே அந்த ஒரே வயலில்தான் விளைகின்றன. ஆர்டிஎக்ஸ் 30 வரிசை சாம்சங் வயலில் விளைந்தது. குத்திப் பையில் போடும் ஆலைகள்தான் ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் எல்லாம். சோடாக், பலிட் ஆலைகளில் பச்சை மட்டும். சஃபையர், பவர்கலர் ஆலைகளில் சிவப்பு மட்டும். ஆலைக்காரருக்குக் கிடைக்கும் லாபமும் சொற்பம். ஈவிஜிஏ என்ற பேர்போன ஆலை 2022 செப்டெம்பரில் இந்தத் தொழிலே வேண்டாம் என்று விலகிப்போனது. எனவே “எம்எஸ்ஐயா என்விடியாவா நல்லம்” என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

அந்த 94 நம் ஊருக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கும் தெரியுமா? திருகோணமலை வீதியிலோ கல்முனையிலோ ஒரு கடைக்குள் போனால், அலுமாரியில் இருக்கும் நான்கு பெட்டியில் நான்கும் பச்சை. ரேடியான் கேட்டால், “கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், முற்பணம் வைங்க” என்பார்கள். ஆர்க் கேட்டால் முதலில் அது என்ன என்று விளக்க வேண்டும். ஒரு கோளாறு வந்தால், அதே கோளாறு வந்த இன்னொருவர் பச்சையில் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார். சிவப்பில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இருக்கலாம். நீலத்தில் நீங்கள்தான் முதலாவது ஆள்.

## ஒரே பார்வையில்

விலை அந்தக் கார்ட் வெளிவந்தபோது அமெரிக்காவில் அறிவித்த டொலர் விலை. இங்கத்தைய விலை கிழமைக்குக் கிழமை மாறும் என்பதால் போடவில்லை.

| கார்ட் | நினைவகம் | மின்சாரம் | வந்த காலம் | அறிவித்த விலை | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஆர்டிஎக்ஸ் 5060 | 8 ஜிபி | 145 வாட்ஸ் | 2025 மே | 299 டொலர் | வீடியோ, விளையாட்டு இரண்டும் |
| ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ | 16 ஜிபி | 180 வாட்ஸ் | 2025 ஏப்ரல் | 429 டொலர் | வீடியோ, ஏஐ, நீண்ட காலம் |
| ஆர்டிஎக்ஸ் 3060 (பாவித்தது) | 12 ஜிபி | 170 வாட்ஸ் | 2021 பெப்ரவரி | 329 டொலர் | ஏஐ படிக்கும் மாணவர் |
| ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி | 16 ஜிபி | 160 வாட்ஸ் | 2025 ஜூன் | 349 டொலர் | விளையாட்டு மட்டும், புதிதாக |
| ஆர்எக்ஸ் 6600 (பாவித்தது) | 8 ஜிபி | 132 வாட்ஸ் | 2021 ஒக்டோபர் | 329 டொலர் | விளையாட்டு மட்டும், குறைந்த காசு |
| ஆர்க் பி580 | 12 ஜிபி | 190 வாட்ஸ் | 2024 டிசம்பர் | 249 டொலர் | புது மதர்போர்ட், புது ப்ராசசர் உள்ளவர் |

டொலர் விலையைக் கண்டு ஏமாற வேண்டாம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 299 டொலர் கார்ட் 89,700 ரூபாய். 18 வீத வற் சேர்ந்ததும் 105,846. இதற்கு மேல் கப்பல் கூலி, இறக்குமதியாளர், கொழும்புக் கடை, நம் ஊர்க் கடை. எல்லோருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

## பச்சை: என்விடியா

என்விடியாவின் பலம் கூடா. பெயரைக் கேட்டு “கூடாதாம்” என்று நினைத்துவிடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டை வேறு கணக்கு வேலைகளுக்கும் பயன்படுத்த 2006இல் அறிவித்த மென்பொருள் அடித்தளத்தின் பெயர் அது. இருபது வருடமாக ஆராய்ச்சிக்காரரும் மென்பொருள்காரரும் அதன்மேல் எழுதி எழுதி, இப்போது அதை விட்டு வெளியே வருவது சிரமம் என்ற நிலை. கம்பஸில் கொடுக்கும் இயந்திரக் கற்றல் பயிற்சியைத் திறந்தால் இரண்டாவது வரியிலேயே கூடா இருக்கிறதா என்று கேட்கும். ரேடியானில் ஓட்டவும் வழி உண்டு. ஆனால் ஆர்எக்ஸ் 6600 போன்றவை அந்த வழியின் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. இணையத்தில் தேடி, ஒரு செட்டிங்கை மாற்றி, இது வேறு கார்ட் என்று பொய் சொல்லி ஓட வைக்க வேண்டும். ப்ராஜெக்ட் ஒப்படைக்க மூன்று கிழமை இருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

வீடியோக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் நிறம் நன்றாக வர 10 பிட் 4:2:2 என்ற முறையில் எடுக்கிறோம். அந்த ஃபைலை எடிட்டிங்கில் தடங்கலில்லாமல் ஓடவிட, அதை விரிக்கும் வன்பொருள் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைகளில் அது இல்லை. 4060க்கு காசைக் கொட்டிவிட்டு, தாலி கட்டும் காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது என்று தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். 50 வரிசையில்தான் என்விடியா இதைச் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சும்மா கிராபிக்ஸ் எச்.265 என்ற சுருக்க முறையில் உள்ள 4:2:2வை அலட்டிக்கொள்ளாமல் விரித்துவிடும். ப்ராசசர் வாங்கும்போது பெயரின் கடைசியில் எஃப் எழுத்து உள்ளதை ஐயாயிரம் ஆறாயிரம் மிச்சம் என்று வாங்கியவர்கள் அந்த வசதியைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை.

டிஎல்எஸ்எஸ் பற்றிக் கடைக்காரர் கட்டாயம் சொல்வார். குறைந்த தெளிவில் வரைந்து, கூடிய தெளிவாக்கிக் காட்டும் வித்தை. நன்றாகவே வேலை செய்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் கற்பனைப் படங்களைச் செருகி வேகத்தைப் பெருக்கிக் காட்டும் கணக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சின்னப் பெட்டிக்காரருக்கும் பச்சையில்தான் வழி. வெளிநாட்டுக் கொம்பனிகள் பாவித்துக் கழித்த ‘பிராண்ட் பிசி’ நம் ஊரில் ஏராளம். அவற்றின் பவர் சப்ளை 240, 260 வாட்ஸ்தான். 8 பின் வயரும் இருக்காது. அதில் போடக்கூடியது ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை. 70 வாட்ஸ், தனி வயர் தேவையில்லை, குட்டைத் தகடு வைத்ததும் வருகிறது. அதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்று இருக்கிறது, அது 130 வாட்ஸ். பெயர் வைப்பவர்களுக்கு யாராவது புத்தி சொன்னால் நல்லது.

குறை: ஒரே காசுக்கு நினைவகம் குறைவு. 8 ஜிபி இன்றைக்குப் போதும், மூன்று வருடம் கழித்துப் போதும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

## சிவப்பு: ஏஎம்டி

விளையாட்டு மட்டும்தான் என்றால் கணக்கு மாறுகிறது. 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 349 டொலர், 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 429 டொலர். எண்பது டொலர் வித்தியாசம். வற்றோடு நம் காசில் 28,320 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பவர் சப்ளை வரும்.

ஆனால் அந்த எண்பது டொலரும் அப்படியே மட்டக்களப்புக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி. 6 வீதக்காரரின் சரக்கைக் கொழும்பில் ஒருவர் இருவர்தான் இறக்குகிறார்கள். போட்டி இல்லாத இடத்தில் விலையும் இறங்குவதில்லை. அதனால் ரேடியான் எடுப்பதென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடைக்காவது கோல் எடுத்து விலை கேளுங்கள். பச்சைக்கும் சிவப்புக்கும் பத்தாயிரம் கூட வித்தியாசம் வராவிட்டால் பச்சையை எடுங்கள். விற்கும்போது அந்தப் பத்தாயிரம் திரும்பி வந்துவிடும். இருபதாயிரத்தைத் தாண்டினால் சிவப்பு.

டிஎல்எஸ்எஸ் போல ரேடியானிடம் உள்ள வித்தை எஃப்எஸ்ஆர். அதன் பழைய வகைகள் எந்தக் கார்டிலும் ஓடும். படம் உண்மையிலேயே அழகாக வரும் எஃப்எஸ்ஆர் 4 மட்டும் 9000 வரிசைக்கு என்று வந்தது. பழைய ஆர்எக்ஸ் 6600 வாங்குகிறவர் இதை எதிர்பார்க்க வேண்டாம். 2025 கடைசியில் 5000, 6000 வரிசைகளின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இனிப் ‘பராமரிப்பு’ நிலைக்குப் போகிறது என்று ஏஎம்டி சொல்லி, பாவனையாளர்கள் சண்டைக்கு வந்ததும், புது விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் கொடுத்தது. அதை முழுதாக நம்பவும் இல்லை, பயப்படவும் இல்லை நான். வலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடும் பையனுக்கு 6600 இன்னும் தாராளம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டையும் மலிவு என்று எடுக்காதீர்கள். மதர்போர்டோடு பேச நான்கு பாதை மட்டும்தான். பழைய போர்டில் செருகினால் நன்றாகவே மூச்சு வாங்கும். வீடியோவைச் சுருக்கும் வன்பொருளும் அவற்றில் இல்லை.

## நீலம்: இன்டெல்

காகிதத்தில் பார்த்தால் மூன்றிலும் மலிவு இதுதான். 249 டொலருக்கு 12 ஜிபி. எச்.265 4:2:2வும் ஓடும். மனசு இழுக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஆர்க் கார்டுக்கு, கார்டின் முழு நினைவகத்தையும் ப்ராசசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தே ஆக வேண்டும். இன்டெல் 10ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 3000 முதல் மேலே உள்ளவற்றில் மதர்போர்டின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால் கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் இந்தப் பகுதியை இப்போதே தாண்டிவிடுங்கள். வசதி இருந்தாலும், ஆறேழு வருடப் பழைய ப்ராசசரோடு பி580ஐச் சேர்த்தால் விளையாட்டின் வேகம் எதிர்பார்த்ததற்கு நன்றாகக் கீழே விழுகிறது. டிரைவர் ப்ராசசரை அதிகம் வேலை வாங்குவதுதான் காரணம். ஆக, மலிவு தேடுகிற, பழைய பெட்டி வைத்திருக்கிறவருக்கு இந்த மலிவுக் கார்ட் உதவாது. புதுப் பெட்டி வைத்திருப்பவர் மலிவு தேடுவது குறைவு. இன்டெலின் தலையெழுத்து அது.

இன்னொன்று. 2025 செப்டெம்பரில் என்விடியா இன்டெலில் 5 பில்லியன் டொலர் முதலிடப்போவதாகவும், இன்டெல் ப்ராசசருக்குள் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் வரும் என்றும் அறிவித்தார்கள். சம்பந்தி வீட்டாரான பிறகு நீலத்தார் பச்சையோடு எவ்வளவு மூர்க்கமாகப் போட்டி போடுவார்கள்? ஐந்து வருடம் டிரைவர் வர வேண்டிய ஒரு பொருளில் எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது.

## நான்காவது வழி: இப்போதைக்கு வேண்டாம்

இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்ற ப்ராசசர்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸே வலரண்ட் அளவு விளையாட்டுகளுக்கும் பாடசாலை வேலைகளுக்கும் போதும். ஒரு நிபந்தனை: ரேம் ஒற்றைக் குச்சியாக இல்லாமல் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது, இரண்டு குச்சி என்றால் இரண்டு வாசல்.

முன்பெல்லாம் “பொறு, மலியும்” என்று தைரியமாகச் சொல்வேன். 2025 கடைசியில் தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளத் தொடங்கி ரேம் விலை எகிறியபின் அந்தத் தைரியம் போய்விட்டது. ரேம் ஏறினால் 16 ஜிபி கார்டுகளும் சேர்ந்து ஏறும்.

## பில்லில் வராத செலவு

வாரண்டியிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டுக் கணினிக் கடைகள் பலவற்றின் பில்லில் கீழே பொடி எழுத்தில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று இருக்கும். அதற்குக் கீழே இன்னும் பொடியாக, எரிந்த அடையாளம், இடி மின்னல், துரு இவற்றுக்கு வாரண்டி இல்லை என்றிருக்கும். கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருப்பவர்கள் அந்த ‘துரு’ என்ற சொல்லில் கொஞ்சம் நின்று போகவும். உப்புக்காற்றில் கார்டின் பின் தகடும் திருகாணியும் ஒரே மாரியில் துருப்பிடித்துவிடும். முகவர் கொழும்பில் அதைப் பார்த்ததும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார். யன்னலுக்குக் கீழே கேசிங்கை வைக்காமல் இருப்பதும், பாவிக்காத நாளிலும் அரைமணி நேரம் போட்டு விடுவதும் செலவில்லாத வைத்தியம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வேறு பிரச்சினை: தூசியும் வெக்கையும். அப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோவர் அடிக்க வேண்டும்.

பழுதான கார்ட் பஸ் பார்சலில் கொழும்பு போய், சோதித்து, மாற்றி, திரும்பி வர மூன்று கிழமையும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். கல்யாண மாதத்தில் வீடியோக்காரருக்கு அது எவ்வளவு நட்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊர்க் கடையில் ஐயாயிரம் கூடக் கொடுத்து வாங்கினால் இந்த அலைச்சலை அவர்கள் தலையில் போடலாம். அந்த ஐயாயிரத்தை நான் காப்புறுதி என்றுதான் கணக்கு வைக்கிறேன். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் மாமாமார் பையில் கொண்டுவரும் கார்ட் மலிவுதான், ஆனால் அதன் வாரண்டி அங்கேயே தங்கிவிடும்.

பவர் சப்ளை. கேசிங்கோடு இலவசமாக வரும் ‘500 வாட்ஸ்’ பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், தேங்காய் மட்டை போல இருக்கும். நல்ல 550 வாட்ஸ் ஒன்றின் விலையைக் கார்டின் விலையோடு சேர்த்தே யோசியுங்கள். அடுத்தது யூபிஎஸ். வீடுகளில் இருக்கும் 650 விஏ யூபிஎஸ் உண்மையில் 360 வாட்ஸ் அளவுதான் தாங்கும். 190 வாட்ஸ் கார்ட், ப்ராசசர், திரை எல்லாம் சேர்ந்தால் அது கீச்சிட்டுக்கொண்டே அணைந்துவிடும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு இலங்கையும் கரண்ட் இல்லாமல் இருந்தது.

மின் கட்டணத்தில் கார்டுக்கும் கார்டுக்கும் வித்தியாசம் சின்னது. 190 வாட்ஸ் பி580க்கும் 145 வாட்ஸ் 5060க்கும் இடையே, நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினாலும் மாதம் 5 அலகு சொச்சம்தான். ஆனால் 300 வாட்ஸ் இழுக்கும் முழுக் கொம்பியூட்டருக்கு மாதம் 36 அலகு போகிறது. மாதம் 80 அலகில் நிற்கும் வீடு அதனால் 90ஐயும் தாண்டி அடுத்த படிக்குப் போகும்போது, கூடிய அலகுக்கு மட்டுமல்ல, நிலைக்கட்டணத்துக்கும் சேர்த்து பில் ஏறும். தகப்பன்மார் கவனிக்க.

## பாவித்த கார்ட்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் ஒருவரிடம் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி என்று வாங்கினேன். பெட்டி இல்லை, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் உள்ளே படம் வரையும் கருக்கள் 2048தான். உண்மையான 580க்கு 2304 இருக்க வேண்டும். சீனச் சந்தைக்கென்று 2018இல் விட்ட ‘2048 எஸ்பி’ வகை அது, உண்மையில் 570 இன் உடன்பிறப்பு. அவரும் தெரியாமல்தான் வாங்கியிருப்பார் போல. திருப்பிக் கேட்க மனம் வரவில்லை, திரும்பப் போகும் பெற்றோல் செலவும் கணக்கில் வந்தது.

2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகளை வைத்துத் தோண்டும் முறையை விட்டபோது, இரவு பகலாக ஓடிய ஆயிரக்கணக்கான கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. வாங்கும்போது மூன்று காரியம்: மென்பொருளில் கருக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், அரைமணி நேரம் முழுப் பாரத்தில் ஓடவிட்டு வெப்பத்தையும் விசிறியையும் பாருங்கள், திருகாணி மேல் உள்ள ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் ஓடவிட மறுப்பவரிடம் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். ஜிடிஎக்ஸ் 1050, 1060 வேண்டாம். அந்த 10 வரிசைக்கான புது விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது.

## மூன்று பேருக்கும் நான் சொன்னது

வீடியோத் தம்பிக்கு: உன்னுடைய இன்டெல் ப்ராசசரில் எஃப் இல்லை என்றால் முதலில் பயாஸில் அந்த உள் கிராபிக்ஸைத் திறந்துவிட்டு ஒரு கல்யாணத்தை எடிட் பண்ணிப் பார். பாதி வருத்தம் அங்கேயே தீரலாம். பிறகும் போதாது என்றால் 5060 டிஐ 16 ஜிபி. கடனுக்கு வாங்குவதாக இருந்தால் 5060. இரண்டையும் ஊர்க் கடையில்.

கம்பஸ் தங்கைக்கு: ப்ராஜெக்டுக்கு, இணையத்திலேயே ப்ரோகிராம் ஓட்டவிடும் கூகுள் கோலாப் இலவசமாகக் கொடுக்கும் டி4 கார்டில் 16 ஜிபி இருக்கிறது. மணித்தியாலக் கட்டுப்பாடு உண்டு, இடையில் துண்டிக்கும், அடிக்கடி சேமித்துக்கொள்ள வேண்டும். அது ஒத்துவராவிட்டால், அல்லது பட்டத்துக்குப் பிறகும் இதே துறைதான் என்றால், பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி வகை. அதே பெயரில் 8 ஜிபி வகையும் திரிகிறது, ஏமாற வேண்டாம். இங்கே சிவப்பு, நீலம் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். கொஞ்சம் ஒருதலைப்பட்சம்தான். ஆனால் அந்த 94 வீதம் மிகக் கனமாக அழுத்தும் இடம் இதுதான்.

கல்முனைத் தகப்பனிடம் மகன் என்ன விளையாடுகிறான் என்று கேட்டேன். வலரண்டாம், கூட்டாளிமாரோடு பந்து விளையாட்டாம். அப்படியென்றால் 5600ஜி போட்ட பெட்டி, இரண்டு குச்சி ரேம், நல்ல பவர் சப்ளை ஒன்று. கார்டுக்கான இடத்தைக் காலியாக விடுங்கள், சாதாரண தரச் சோதனை முடிந்தபிறகு பாவித்த ஆர்எக்ஸ் 6600 ஒன்று பார்ப்போம் என்றேன். தகப்பனுக்குச் சந்தோஷம். மகன் என்னை இப்போது சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்புகிறான்.

இதைப் படித்துவிட்டுக் கேட்க நினைப்பவர்கள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் மதர்போர்டின் பெயரையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள். கழற்றுவதற்கு முன் பின்பக்க வயரை இழுத்துவிடுங்கள். கரண்ட் அடித்தால் அதற்கும் வாரண்டி இல்லை.